டெம்ப்ஸ்டர் சாலை வழியாக ஆர்க்டிக் கடல்வரை: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

முதலில் ஒரு சின்ன விஷயம். டாசன் கிரீக் வேறு, டாசன் சிட்டி வேறு. ஒன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்குகிற ஊர், மற்றது யூகானில் தங்கம் தேடி ஓடியவர்கள் எழுப்பிய ஊர், இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1,900 கி.மீ. இருக்கிறது. அறையை ஊர் மாற்றிப் பதிவு செய்துவிட்டு முழிக்கிறவர்கள் உண்டு. எங்கள் நால்வரிலேயே ஒருவர் அதைச் செய்தார். இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

நாங்கள் போனது எட்மண்டனில் இருந்து. நானும் மனைவியும், ஒரு நண்பரும் அவர் தம்பியும். டாசன் கிரீக், ஃபோர்ட் நெல்சன், வாட்சன் லேக், வைட்ஹார்ஸ் என்று அலாஸ்கா நெடுஞ்சாலையில் போய், அங்கிருந்து கிளோண்டைக் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பி, டாசன் சிட்டிக்குச் சுமார் 40 கி.மீ. முன்னால் பிரிகிற டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். அதில் சுமார் 740 கி.மீ. சரளைக்கல் சாலை, முடிவில் இனுவிக். அப்புறம் இன்னொரு 140 கி.மீ. போனால் டுக்டோயாக்டக், எல்லாரும் சுருக்கமாகச் சொல்வது டுக். அங்கே சாலை முடிந்து கடல் தொடங்குகிறது. கனடாவில் ஆர்க்டிக் கடற்கரைவரை கோடையிலும் குளிரிலும் ஓட்டக்கூடிய சாலை இது ஒன்றுதான். இனுவிக்குக்கும் டுக்குக்கும் நடுவே உள்ள துண்டு 2017 நவம்பரில்தான் திறந்தது. அதற்கு முன்பு குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேலும் கடல்மேலும் ஓட்டினால்தான் உண்டு. போக மட்டும் எட்மண்டனில் இருந்து 3,400 கி.மீ. ஆகும்.

எப்போது போவது

ஜூன் தொடக்கத்தில் இருந்து செப்டம்பர் முதல் வாரம்வரை. அதற்குமேல் யோசிக்காதீர்கள். டெம்ப்ஸ்டரில் பீல், மெக்கன்சி என்று இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும், இரண்டிலும் பாலம் கிடையாது. கோடையில் படகு, குளிரில் உறைந்த ஆற்றின்மேலேயே பாதை. பனி உடைகிற மே மாதத்திலும், உறைகிற அக்டோபர், நவம்பர் வாக்கிலும் சில வாரங்கள் இரண்டுமே கிடையாது. இனுவிக் தனித்தீவு மாதிரி ஆகிவிடும். குளிர்காலத்தில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் மைனஸ் 40 டிகிரியில் வண்டி நின்றால் என்ன செய்வது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

ஜூனில் போனால் சூரியன் மறையாது. இனுவிக்கில் மே கடைசியில் இருந்து ஜூலை கடைசிக்குள் சுமார் 56 நாள் அப்படி. பார்க்க அதிசயம்தான், ஆனால் கொசுவும் அதே மாதங்களில்தான். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி வாரம். தூந்திரா முழுக்கச் செக்கச்செவேல் என்று மாறியிருக்கும், கொசு பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், இரவு என்று ஒன்று திரும்பி வந்திருப்பதால் துருவ ஒளி தெரிய வாய்ப்புண்டு. கூடாரத்தில் படுத்தால் குளிர் உறைநிலைக்குக் கீழே போகலாம், அதற்குத் தக்கபடி ஸ்லீப்பிங் பேக் வாங்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள்

எட்மண்டனில் இருந்து வண்டியிலேயே போய்வர 16 நாள் குறைந்தபட்சம். வைட்ஹார்ஸ்வரை விமானத்தில் போய் அங்கே வண்டி எடுத்தால் 10 நாள். இதில் மூன்று நாளைச் சும்மா வையுங்கள். எதையும் திட்டமிடாத மூன்று நாள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும். மழை பெய்தால் சாலையை மூடுவார்கள், காற்று அடித்தால் மூடுவார்கள், காட்டுத்தீ வந்தால் மூடுவார்கள், ஆற்றில் தண்ணீர் ஏறினால் படகு நிற்கும். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை ஆபீஸில் இருந்தே ஆக வேண்டும் என்கிற கணக்கோடு போகிறவர்கள்தான் மழையில் 100-இல் ஓட்டி வண்டியைக் கவிழ்க்கிறார்கள்.

வண்டி

நான்கு சக்கர இழுவை அவசியம் என்று சொல்வார்கள். கோடையில் காய்ந்த சாலை என்றால் சாதாரணக் காரே போய்விடும், மழை பெய்தால் அதே சாலை சோப்புத் தேய்த்த மாதிரி வழுக்கும், அப்போது நான்கு சக்கர இழுவை இருந்தால் உயிர் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். தரையில் இருந்து வண்டியின் அடிப்பகுதி உயரமாக இருக்க வேண்டும், அதில் சமரசம் வேண்டாம்.

வாடகை வண்டி எடுப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் சரளைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று போட்டிருப்பார்கள், சிலர் டெம்ப்ஸ்டர் என்று பெயர் சொல்லியே போட்டிருப்பார்கள். மீறி ஓட்டி ஏதாவது ஆனால் காப்பீடு செல்லாது, நடுவழியில் இருந்து இழுத்துவர ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பார்கள், கேட்டதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். டெம்ப்ஸ்டருக்கென்றே கனமான டயரும் இரண்டு ஸ்டெப்னியும் போட்டு பிக்கப் வண்டி வாடகைக்கு விடுகிறவர்கள் வைட்ஹார்ஸில் இருக்கிறார்கள். விலை கூட, பல மாதம் முன்னால் பதிய வேண்டும். நாங்கள் நண்பரின் பழைய டொயோட்டா 4ரன்னரில் போனோம்.

இந்தியாவில் இருந்து வருகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவாருங்கள். இன்னொன்று: டாசன் சிட்டியில் படகில் யூகான் ஆற்றைத் தாண்டி மேற்கே போகிற சாலை அழகாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அது அலாஸ்காவுக்குள் போய் நிற்கும். அமெரிக்க விசா இல்லாதவர்கள் அந்தப் பக்கம் ஆசைப்பட வேண்டாம்.

டயர், டயர், டயர்

இந்தச் சாலை ஏன் இப்படி இருக்கிறது என்று புரிந்துகொண்டால் எப்படி ஓட்டுவது என்பதும் தானாகப் புரியும். கீழே நிரந்தரமாக உறைந்த நிலம். அதைத் தோண்டிச் சாலை போட்டால் வெயில் பட்டு உருகிச் சேறாகி எல்லாம் உள்ளே போய்விடும். அதனால் தோண்டாமல், நிலத்துக்குப் போர்வை போர்த்துவது மாதிரி சரளையை மேலே கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள், சில இடங்களில் 2.4 மீட்டர் உயரம்வரை. வேலை தொடங்கியது 1959-இல், திறந்தது 1979-இல். ஆக நீங்கள் ஓட்டுவது ஒரு நீண்ட கரைமேல். ஓரம் கெட்டி கிடையாது. எதிரே லாரி வருகிறதே என்று ரொம்ப ஒதுங்கினால் ஓரம் சரிந்து வண்டி கீழே உருளும். லாரி வந்தால் வேகத்தை நன்றாகக் குறைத்து வலப்பக்கமாகக் கொஞ்சம் விலகி, அது தாண்டும்வரை கிட்டத்தட்ட நின்றுவிடுங்கள். அப்படியும் முன்கண்ணாடியில் ஒரு கல்லாவது பட்டுத் தெறிக்கும், அதைச் செலவுக்கணக்கில் முன்பே எழுதிவிடுங்கள்.

சரளையில் கணிசமான பகுதி உடைந்த பலகைக்கல். ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். 70-க்குமேல் போகாதீர்கள், திடீர் பிரேக் போடாதீர்கள், பகலிலும் முகப்பு விளக்கு எரியட்டும். ஆறு அல்லது பத்து அடுக்கு டயர், முழு அளவு ஸ்டெப்னி இரண்டு. சில கார்களில் வருகிற ஒல்லியான தற்காலிகச் சக்கரம் இங்கே எதற்கும் ஆகாது. கூடவே பஞ்சர் ஒட்டும் பொருள்கள், 12 வோல்ட் காற்றுப் பம்ப், நல்ல ஜாக்கி, நீளமான வீல் ஸ்பேனர், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடிமனான பலகை.

பலகையைத்தான் நாங்கள் மறந்தோம். 220-ஆவது கிலோமீட்டர் வாக்கில், லேசான தூறல், பின்பக்கம் வலது டயர் போய்விட்டது. ஒரு ஸ்டெப்னி மேலே ஏற்றிக் கட்டியிருந்தது, அதை எடுத்தால் எல்லாச் சாமானையும் இறக்க வேண்டும் என்று வண்டிக்கு அடியில் தொங்குகிறதை இறக்கப் பார்த்தோம். கம்பியை விட்டுத் திருப்புகிற ஓட்டையே தெரியவில்லை, அவ்வளவு சேறு, அதுவும் காய்ந்து சிமெண்ட் மாதிரி. தம்பி மல்லாந்து படுத்து ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிக்கொண்டே, “அண்ணா, இதை ஊர்லயே ஒரு தடவை இறக்கிப் பார்த்தியா?” என்றான். அண்ணா பதில் சொல்லவில்லை. அப்புறம் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் சரளைக்குள் இறங்கியது. கடைசியில் என் மனைவி காய்கறி நறுக்குகிற பலகையை எடுத்துக் கொடுத்தாள். நடுவில் கீறல் விட்டது, ஆனால் தாங்கியது. 1 மணி 20 நிமிடம். அந்த நேரத்தில் மூன்று வண்டிகள் வந்தன, மூன்றும் நின்றன, உதவி வேண்டுமா என்று கேட்காமல் யாரும் தாண்டவில்லை. அந்தச் சாலையில் அது வழக்கம், நீங்களும் நின்று கேளுங்கள்.

எனவே கிளம்புவதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டிப் பாருங்கள். பூட்டு நட்டு இருந்தால் அதன் சாவி எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். அடியில் தொங்குகிற வகை என்றால் தினமும் மாலை அந்த ஓட்டையில் சேற்றைத் தட்டிவிடுங்கள்.

பெட்ரோல்

விதி ஒன்றுதான்: பங்க்கைப் பார்த்தால் நிரப்பு. அரை டேங்க் இருக்கிறதே என்று தாண்டாதே. டாசன் சிட்டியில் நிரப்பினால் அடுத்து நம்பிக்கையாகக் கிடைப்பது ஈகிள் பிளெயின்ஸ், டெம்ப்ஸ்டரின் 369-ஆவது கிலோமீட்டரில். அதாவது டாசனில் இருந்து 400 கி.மீ.-க்குமேல். அடுத்தது ஃபோர்ட் மெக்ஃபர்சன், இன்னும் 180 கி.மீ. அடுத்தது இனுவிக், மறுபடி அதே அளவு. இனுவிக்கில் இருந்து டுக்குக்கு நடுவே ஒன்றும் கிடையாது. சேற்றிலும் எதிர்க்காற்றிலும் மைலேஜ் எப்போதும் வருவதைவிடக் குறையும், அதனால் 20 லிட்டர் கேன் ஒன்று வண்டியின் வெளியே கட்டியிருக்கட்டும். விலையைப் பற்றிப் பேச வேண்டாம்.

சாப்பாடும் கரடியும்

வைட்ஹார்ஸில் பெரிய கடைகள் இருக்கின்றன, கடைசி மலிவான சாமான் அங்கேதான். நாங்கள் வீட்டிலிருந்தே புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில், பருப்புப்பொடி, வறுத்த ரவை எல்லாம் கொண்டுபோனோம். சோறு வடிப்பதைவிட உப்புமா சுலபம். காற்று அடிக்கிற இடத்தில் சின்ன கேஸ் அடுப்பில் அரிசி வேகிறதற்குள் சிலிண்டர் பாதி காலி. வண்டியில் எப்போதும் நான்கு நாளுக்கான சாப்பாடும், ஆளுக்கு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீரும் இருக்க வேண்டும். முகாமில் கிடைக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

கருவாடு வேண்டாம். எனக்கும் பிடிக்கும், ஆனாலும் வேண்டாம். மொத்தப் பயணமும் கரடிகளின் ஊரில்தான், அவற்றின் மூக்குக்கு மூடிய டப்பா ஒரு பொருட்டில்லை. சாப்பாடு, குப்பை, பற்பசை, சோப்பு, தலைக்கு வைக்கிற எண்ணெய் உட்பட வாசனை உள்ள எதுவும் கூடாரத்துக்குள் போகக் கூடாது, எல்லாம் வண்டிக்குள் வைத்துக் கதவைப் பூட்ட வேண்டும். சமைக்கும்போது போட்டிருந்த சட்டையோடு தூங்காதீர்கள். கரடியை விரட்டுகிற ஸ்பிரே ஆளுக்கு ஒன்று, இடுப்பில், டிக்கியில் அல்ல. விமானத்தில் அனுமதி இல்லை, அதனால் வைட்ஹார்ஸில் வாங்குங்கள். அதன் பாதுகாப்புக் கொக்கியை எடுக்கிற பழக்கம் கைக்கு வர வேண்டும். சாலையோரம் கரடியைப் பார்த்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருங்கள், போட்டோவுக்காக இறங்காதீர்கள்.

போன்

டாசனை விட்டால் ஃபோர்ட் மெக்ஃபர்சன்வரை சிக்னல் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற சின்னக் கருவி ஒன்று வாடகைக்காவது எடுங்கள். வரைபடத்தை முன்பே போனில் இறக்கிவையுங்கள், காகித வரைபடமும் ஒன்று இருக்கட்டும். வீட்டில் ஒருவரிடம் என்றைக்கு எங்கே இருப்போம் என்று எழுதிக்கொடுத்து, எத்தனை நாள் தாண்டினால் போலீசைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். அம்மாவிடம் அல்ல. அம்மா முதல்நாளே கூப்பிட்டுவிடுவார்.

வைட்ஹார்ஸ்வரை

இந்தப் பகுதி முழுக்கத் தார்ச்சாலை, ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. தூரம்தான் சோதிக்கும். இது 1942-இல் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் அவசரமாகப் போட்ட சாலை. ஃபோர்ட் நெல்சனுக்கு அப்பால் லியார்ட் வெந்நீர் ஊற்றில் கட்டாயம் இறங்குங்கள், மரக்காட்டுக்கு நடுவே சூடான குளம், மூன்று நாள் ஓட்டிய முதுகுவலி அங்கே போய்விடும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் காட்டெருமைக் கூட்டம் சாலையிலேயே நிற்கும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, அதனால் பொழுது சாய்ந்த பிறகு ஓட்டாதீர்கள். வாட்சன் லேக்கில் ஊர்ப்பெயர்ப் பலகைகளின் காடு ஒன்று இருக்கிறது, சாலை போட வந்த ஒரு சிப்பாய் ஊர் ஞாபகத்தில் 1942-இல் நட்ட ஒரு பலகையில் தொடங்கியது. அரை மணி நேரம் போதும்.

டாசன் சிட்டி

இரண்டு இரவு தங்குங்கள். 1896 ஆகஸ்டில் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைத்து, அடுத்த இரண்டு வருடத்தில் உலகமே ஓடிவந்த ஊர். இன்னும் மண் தெரு, பலகை நடைபாதை, உறைநிலம் இளகியதால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற பழைய கட்டடங்கள். பதப்படுத்திய மனிதக் கால்விரலைப் போட்டு மது தருகிற கடை ஒன்றும் இருக்கிறது, அது உங்கள் விருப்பம்.

வேலை என்று பார்த்தால் இங்கே மூன்று. டயர்களில் காற்றைக் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். டேங்க்கும் கேனும் நிரப்புங்கள். அப்புறம், கோடையில் ஊருக்குள், இனுவிக்கும் டுக்கும் இருக்கிற வடமேற்குப் பிரதேசத்தின் சுற்றுலாத் தகவல் மையம் திறந்திருக்கும், அங்கே போய்ச் சாலை எப்படி, படகு ஓடுகிறதா, தீ ஏதாவது உண்டா என்று நேராகக் கேளுங்கள். இணையத்திலும் யூகான், வடமேற்குப் பிரதேசம் இரண்டின் அரசுகளும் சாலை நிலவரம் போடுகின்றன, ஆனால் கண்ணெதிரே இருக்கிற ஆள் “இன்றைக்குப் போகாதே, நாளைக்குப் போ” என்று சொல்வார், இணையம் அப்படிச் சொல்லாது.

டெம்ப்ஸ்டர், கிலோமீட்டர் கணக்கில்

முதல் நாள் நீளமாகப் போகாதீர்கள். 71-ஆவது கிலோமீட்டரில் டூம்ஸ்டோன் பூங்கா மையமும் முகாமும் இருக்கின்றன, அங்கேயே கூடாரம் போடுங்கள். யூகான் அரசு முகாம்களில் விறகு கட்டணத்தோடு சேர்த்தி. கறுத்த கூர்மலைகள், அடியில் சிவந்த புதர், மாலையில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் இந்த ஒரு இடத்துக்கே வந்த காசு சரியாகிவிட்டது என்று தோன்றும். 82-இல் சாலையின் மிக உயரமான கணவாய், சுமார் 1,290 மீட்டர். அதைத் தாண்டினால் இரு மூஸ் ஏரி, மூஸ் என்றால் ஒரு பெரிய மான். பெயரில் இரண்டு, நாங்கள் பார்த்தது ஒன்று. 194-இல் எஞ்சினியர் கிரீக் முகாம், ஓடைத் தண்ணீர் இரும்புத்தாதுவால் துருப்பிடித்த நிறத்தில் ஓடும். அப்புறம் மேடு ஏறி ஓகில்வி முகட்டில் 259 வாக்கில் நின்று திரும்பிப் பார்த்தால், கண்ணுக்கு எட்டுகிறவரை ஒரு வீடு, ஒரு கம்பம், ஒரு புகை கிடையாது.

369-இல் ஈகிள் பிளெயின்ஸ். ஒரு விடுதி, ஒரு பங்க், ஒரு பஞ்சர் கடை, அவ்வளவுதான் ஊர். கிழிந்த டயரை இங்கேயே சரிசெய்துகொள்ளுங்கள், ஸ்டெப்னி இல்லாமல் மேலே போகாதீர்கள். எங்களுக்கு இங்கே ஒன்றரை நாள் போயிற்று. மழையில் பீல் ஆறு ஏறி, மரக்கட்டைகள் அடித்துக்கொண்டு வந்ததால் படகை நிறுத்திவிட்டார்கள். கையில் சும்மா வைத்த நாள் இருந்ததால் பதற்றமில்லை. விடுதிச் சுவரில் பழைய படங்கள் மாட்டியிருக்கிறார்கள், நாங்கள் எல்லாவற்றையும் படித்து முடித்தோம்.

அதில் ஒன்று இந்தச் சாலையின் பெயர்க்காரணத்தோடு சேர்ந்தது. 1910 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்கிற போலீஸ் அதிகாரி மூன்று பேரோடு நாய்வண்டியில் ஃபோர்ட் மெக்ஃபர்சனில் இருந்து டாசனுக்குக் கடிதப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேகமாகப் போய்ச்சேர வேண்டும் என்று சாப்பாட்டுச் சுமையைக் குறைத்தார். வழி தெரிந்த குவிச்சின் பழங்குடி ஆள் ஒருவர் நடுவழியில் சேர்ந்தும் அவரை அனுப்பிவிட்டார். திரும்ப வேண்டிய கிளை ஆற்றைத் தவறவிட்டு நாள்கணக்கில் தேடி, திரும்பலாம் என்று முடிவு செய்யும்போது காலம் கடந்திருந்தது. நாய்களையே தின்று, ஒருவரும் பிழைக்கவில்லை. 1911 மார்ச்சில் தேடிப்போய் உடல்களைக் கண்டெடுத்தவர் டெம்ப்ஸ்டர். நால்வரின் கல்லறையும் ஃபோர்ட் மெக்ஃபர்சனில் இருக்கிறது, போகிற வழிதான், நின்று பார்க்கலாம்.

405-இல் ஆர்க்டிக் வட்டம். பலகை இருக்கிறது, எல்லாரும் போட்டோ எடுப்பார்கள். அதை ஒட்டி வருகிற பகுதியில் ரிச்சர்ட்சன் மலைக்காற்று லாரியையே கவிழ்க்கும். கதவைத் திறக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துத் திறவுங்கள், காற்றுப் பிடுங்கிக்கொண்டு போன கதவு அப்புறம் மூடாது. 446-இல் ராக் ரிவர் முகாம், காற்றுக்கு நல்ல மறைவு, அதனாலேயே கொசுவும் கருப்பு ஈயும் அங்கேதான் குடியிருக்கின்றன. தலையோடு மூடுகிற வலைத்தொப்பி ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 465-இல் எல்லை, வடமேற்குப் பிரதேசம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள், படகு ஓடுவது அந்த நேரப்படி.

படகு

இலவசம். முன்பதிவு கிடையாது. துறைமுகம் மாதிரி எதையும் எதிர்பார்க்காதீர்கள். கரையில் சரளையைத் தள்ளி ஒரு சரிவு செய்திருப்பார்கள், படகு அதில் வந்து மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். கை காட்டுகிறவரை காத்திருந்து, ஊர்ந்த மாதிரி ஏறுங்கள், வேகமாக ஏறினால் முன்பம்பர் இடிக்கும். பீல் ஆற்றில் சில நிமிட வேலை. மெக்கன்சியில் படகு சீகெச்சிக் என்கிற சின்ன ஊரையும் சேர்த்து முக்கோணமாக ஓடும், நீங்கள் இனுவிக் போகிறவர் என்று படகுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

இடையில் உள்ள ஊர்கள் குவிச்சின் மக்களின் ஊர்கள். நன்றிக்கு அவர்கள் சொல்வது “மாசி சோ”. நம் வாயில் சுலபமாக வரும், சொன்னால் முகம் மலரும். சில ஊர்களில் மதுவுக்குத் தடையோ அளவோ உண்டு, வண்டியில் பாட்டில் இருந்தால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆட்களைப் படமெடுக்கும்முன் கேளுங்கள்.

இனுவிக், டுக்

இனுவிக்கில் ஒரு நாள் ஓய்வு. குளிக்க, துணி துவைக்க, வண்டிக்கு அடியில் ஒருமுறை எட்டிப்பார்க்க. வீடுகள் எல்லாம் தூண்மேல் நிற்கும், தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் தரைக்குமேல் பெட்டிக்குள் ஓடும், உறைநிலத்தில் புதைக்க முடியாது என்பதால். இக்லூ வடிவத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. ஒரு சின்ன மசூதியும் உண்டு. 2010-இல் வின்னிபெக்கில் கட்டி, லாரியிலும் ஆற்றுப் படகிலும் ஏற்றிச் சுமார் 4,000 கி.மீ. கொண்டுவந்து இறக்கியது. எனக்குப் பிடித்தது பழைய ஐஸ் ஹாக்கி அரங்குக்குள் ஊர்க்காரர்கள் நடத்துகிற காய்கறித் தோட்டம். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே தக்காளி வாசனையோடு ஒரு அறை.

டுக் சாலை டெம்ப்ஸ்டரைவிட இளசு, அதனால் சில இடத்தில் அலையலையாக இறங்கி ஏறும், மழை நாளில் போகவே போகாதீர்கள். மரங்கள் குட்டையாகி, புதராகி, ஒரு கட்டத்தில் ஒன்றுமே இருக்காது. ஊரை நெருங்கும்போது தட்டையான நிலத்தில் கூம்புக் குன்றுகள் தெரியும். பிங்கோ என்று பெயர், உள்ளே மண் இல்லை, பனிக்கட்டி. பெரியது 49 மீட்டர் உயரம். ஏறாதீர்கள், பார்க்கவென்று பலகை மேடை போட்டிருக்கிறார்கள்.

டுக்கில் சுமார் 900 பேர், இனுவியாலுயிட் மக்கள். கடல் கரையைத் தின்றுகொண்டே வருகிறது, சில வீடுகளை உள்ளே நகர்த்தியிருக்கிறார்கள். ஆர்க்டிக் பெருங்கடல் என்கிற பலகைக்கு அருகே இறங்கினோம். தம்பி முழங்கால்வரை போய் எதையோ கத்திக்கொண்டே திரும்பி ஓடிவந்தான். நான் விரலை நனைத்தேன், போதும் என்று தோன்றியது. ஒரு வீட்டு வாசலில் ஒரு பாட்டி உலர்ந்த மீன் விற்றுக்கொண்டிருந்தார், வாங்கி அங்கேயே நின்று தின்றோம். கருவாடு வேண்டாம் என்று மேலே எழுதியது நான்தான், ஆனால் இது வண்டிக்குள் ஏறவில்லை.

திரும்பி வந்தபின்

சாலையில் தூசி அடங்கக் கால்சியம் குளோரைடு தெளிப்பார்கள். அது ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், இரும்பைத் தின்னும். அதனால் டாசனுக்கு வந்தவுடன், சாப்பிடுவதற்கு முன்னாலேயே, வண்டியைக் கழுவுங்கள். காசு போட்டால் தண்ணீர் பீய்ச்சுகிற இடத்துக்குப் போய்ச் சக்கரக் குழிகளையும் அடிப்பாகத்தையும் அடியுங்கள். சில்லறை நிறைய வேண்டும், நாங்கள் இரண்டு முறை மாற்றிவந்தோம். எண்பட்டை எழுத்து தெரிகிறதா பாருங்கள். சக்கரத்தின் உள்பக்கம் ஒட்டிய சேற்றை விட்டால் நெடுஞ்சாலையில் 100-இல் ஓட்டும்போது வண்டி நடுங்கும். எங்களுக்கு அலைன்மென்ட் போய்விட்டது என்று வாட்சன் லேக்வரை சண்டை போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் பார்த்தால் உள்பக்கம் ஒரு இட்லி அளவுக்குச் சேறு.

எட்மண்டனுக்கு வந்து ஒரு மாதம் கழித்து எண்ணெய் மாற்றக் கொடுத்தபோது, வண்டியை லிஃப்டில் தூக்கிய பையன் அடியில் இருந்து ஒரு கட்டி சாம்பல் நிற மண் விழுந்ததும் எங்களைத் திரும்பிப் பார்த்தான். நண்பர் அதைக் குனிந்து எடுத்து ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டார்.